மாற்றுத்திறனாளிகளின் அன்றாட வாழ்க்கை பற்றிய ஆய்வில் பங்கேற்பது எப்படி? சென்னையில் இருப்பவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

சமூகப்பணி படிக்கும் மாணவி ஒருவர் படிவத்தோடு வீட்டுக்கு வருவார். மருத்துவமனையில் சீட்டு வாங்கக் காத்திருக்கும்போது ஒருவர் வந்து "பத்து நிமிஷம் பேசலாமா?" என்பார். சங்கத்து வாட்ஸப் குழுவில் "சக்கர நாற்காலி பயன்படுத்துவோர் தேவை, ஆய்வுக்காக" என்று ஒரு செய்தி விழும். சென்னையில் நீங்கள் மாற்றுத்திறனாளியாக இருந்தாலோ, ஒருவரை வீட்டில் பார்த்துக்கொள்பவராக இருந்தாலோ, இதில் ஏதாவது ஒன்று என்றைக்காவது உங்களிடம் வரும். சரி சொல்வதா, சொன்னால் எந்த நிபந்தனையில், என்ன பேசுவது, பேசியது எங்கே போகும் என்பதையெல்லாம் யாரும் முன்கூட்டியே சொல்லித் தருவதில்லை.

நான் காலில் காலிப்பர் என்ற தாங்குகருவி போட்டு நடப்பவன். இப்படிப்பட்ட ஆய்வுகளில் பதில் சொல்லியிருக்கிறேன், மற்றவர்கள் பதில் சொல்லும்போது கூட உட்கார்ந்தும் இருந்திருக்கிறேன். கலந்துகொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் போகும்போது உங்கள் நாளை அதன் விவரங்களோடு கொண்டுபோங்கள். பொதுவாகப் புலம்பிவிட்டு வந்தால் அது யாருக்கும் பயன்படாது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர், தமிழ்நாட்டில் ஏறத்தாழ 11.8 லட்சம் பேர். தலையை எண்ணினால் இவ்வளவுதான் தெரியும். வங்கி வாசலில் இருக்கும் இரண்டு படி ஒருவரின் மாதத்தை எப்படி மாற்றுகிறது என்பது அதில் வராது. அந்த மாதிரி விவரங்கள் எடுபடும் என்பதற்கு 2024 நவம்பரில் வந்த ராஜீவ் ராதுரி வழக்கின் தீர்ப்பே சாட்சி. பொது இடங்கள் எந்த அளவுக்கு நமக்கு எட்டுகின்றன என்று ஆராயும் வேலையை உச்ச நீதிமன்றம் ஐதராபாத் நல்சார் சட்டப் பல்கலைக்கழகத்தின் மாற்றுத்திறனாளிகள் ஆய்வு மையத்திடம் கொடுத்தது. மாற்றுத்திறனாளிகள் தங்கள் வாயால் சொன்ன அனுபவங்களும் அந்த அறிக்கையில் இடம்பெற்றன. அணுகல் தரங்களை வெறும் பரிந்துரை போல வைத்திருந்த, மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் கீழ் வந்த விதி 15(1) அந்தச் சட்டத்துக்கே முரணானது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. கட்டாயமான தரங்களை வகுக்க மத்திய அரசுக்கு மூன்று மாதம் கெடு விதித்தது.

முதலில், வந்திருப்பது யார்?

அரசுக் கணக்கெடுப்பு வேறு, ஆய்வு வேறு. தமிழ்நாடு அரசு உலக வங்கி உதவியோடு நடத்தும் உரிமைகள் திட்டத்தில் வீடு வீடாக விவரம் எடுக்கிறார்கள். அது உங்களைச் சேவைகளோடு இணைப்பதற்காக. அங்கே யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை கேட்பது நியாயம், உங்கள் பெயர் பதிவாவதும் நியாயம். ஆய்வுக்கு வருபவருக்கோ பெரும்பாலும் உங்கள் பெயர்கூடத் தேவையில்லை. "இது திட்டத்துக்கா, ஆய்வுக்கா?" என்பதை முதல் கேள்வியாக வையுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

சென்னையில் ஆய்வு செய்பவர்கள் பல வகை. 1952-இல் தொடங்கப்பட்டு எழும்பூரில் இருக்கும் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் போன்ற கல்லூரிகளின் மாணவர்கள் பட்டத்துக்காக வருவார்கள். மனநலம் சார்ந்த ஆய்வு என்றால் 1984-இல் தொடங்கப்பட்ட ஸ்கார்ஃப் அமைப்பு. முட்டுக்காட்டில் பன்முகக் குறைபாடு உள்ளவர்களுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் உள்ள ஆர்2டி2 மையம் கருவிகள் செய்கிறது. நின்றபடி இருக்க உதவும் அரைஸ் சக்கர நாற்காலி அங்கே உருவானதுதான்.

மாணவர் ஆய்வு சின்னது என்று ஒதுக்க வேண்டாம். அவர்களிடம் நேரம் இருக்கும், காது கொடுத்துக் கேட்பார்கள். துறையின் கடிதமும் வழிகாட்டும் பேராசிரியரின் பெயரும் கேட்டு வாங்கிவிட்டால் போதும்.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இல் ஆறாவது பிரிவைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாற்றுத்திறனாளியை ஆய்வுக்கு உட்படுத்த வேண்டுமானால், அவர் விவரம் அறிந்து, சுதந்திரமாகத் தரும் ஒப்புதல் வேண்டும். அந்த ஒப்புதலை அவருக்கு எட்டும் தொடர்பு முறையில் பெற வேண்டும். அது போக, இதற்கென்றே அரசு அமைக்கும் குழுவின் முன் அனுமதியும் வேண்டும். அந்தக் குழுவில் பாதிக்குக் குறையாத இடம் மாற்றுத்திறனாளிகளுக்கோ அவர்கள் சார்ந்த பதிவு பெற்ற அமைப்புகளின் உறுப்பினர்களுக்கோ உரியது. "ஆறாவது பிரிவு அனுமதி வாங்கியிருக்கிறீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். இப்படி ஒரு பிரிவு இருப்பதே தெரியாத ஆய்வாளர்களும் உண்டு. தெரியாதவர் போய்த் தெரிந்துகொண்டு வரட்டும்.

மருத்துவம், உடல்நலம் தொடர்பானது என்றால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகள் பொருந்தும். நிறுவனத்தின் நெறிமுறைக் குழு அனுமதித்த எண்ணும் தேதியும் தகவல் தாளில் இருக்க வேண்டும். மருந்து, சிகிச்சை, கருவி ஆகியவற்றைப் பரிசோதிக்கும் ஆய்வு என்றால் சி.டி.ஆர்.ஐ. என்ற தேசியப் பதிவேட்டு எண்ணையும் கேளுங்கள். அந்த எண்ணைக் கொண்டு யார் வேண்டுமானாலும் இணையத்தில் ஆய்வின் விவரங்களைப் பார்க்கலாம்.

தகவல் தாளை எட்டும் வடிவத்தில் கேளுங்கள்

ஆய்வு எதற்கு, எவ்வளவு நேரம், என்ன செய்ய வேண்டியிருக்கும், என்ன தொந்தரவு வரலாம், பதில்களை யார் பார்ப்பார்கள், வேண்டாம் என்றால் எப்படி விலகுவது, யாரிடம் புகார் சொல்வது. இவ்வளவும் தாளில் இருக்க வேண்டும், அதுவும் தமிழில். அரசாணைத் தமிழில் எழுதியிருந்தால் பேச்சுத் தமிழில் விளக்கச் சொல்லுங்கள்.

பார்வையற்றவர்களுக்கு ஒரு குறிப்பு. பல இடங்களில் தாளை ஸ்கேன் செய்து பி.டி.எஃப். ஆக அனுப்பிவிடுவார்கள். திரையில் இருப்பதைப் படித்துக்காட்டும் திரைவாசிப்பான் அதை வெறும் படமாகத்தான் பார்க்கும், ஒரு எழுத்தும் படிக்காது. யூனிகோடில் தட்டச்சு செய்த கோப்பாகவோ, பிரெயிலிலோ, வாட்ஸப் குரல்பதிவாகவோ கேளுங்கள். காதுகேளாதவர்கள் சைகைமொழி பெயர்ப்பாளரைக் கேட்கலாம். அம்மாவோ தங்கையோ பெயர்த்துச் சொல்வது சில விஷயங்களுக்குச் சரிவரும். வீட்டைப் பற்றியே கேள்வி வந்தால் சரிவராது. கையெழுத்துப் போட முடியாதவர் கைரேகை வைக்கலாம். படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வுக் குழுவைச் சேராத ஒரு சாட்சி கூட இருந்து, தாள் முழுவதும் வாசித்துக் காட்டப்பட்டதைப் பார்க்க வேண்டும்.

குழந்தைகள் விஷயத்தில் பெற்றோரின் ஒப்புதல் மட்டும் போதாது. ஐ.சி.எம்.ஆர். நெறிமுறைப்படி ஏழு வயது முதல் பன்னிரண்டு வரை குழந்தையின் வாய்மொழிச் சம்மதமும், அதற்கு மேல் பதினெட்டு வரை எழுத்துமூலச் சம்மதமும் வேண்டும். பதினெட்டு தாண்டிய பிறகு, பெற்றோர் என்பதாலேயே கையெழுத்துப் போடும் அதிகாரம் வந்துவிடாது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பன்முகக் குறைபாடு உள்ளவர்களுக்கு 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, உள்ளூர் அளவிலான குழு மூலம் சட்டப்பூர்வப் பாதுகாவலர் நியமனம் பெற வேண்டும். அப்படிப் பெற்றிருந்தாலும் அந்த மாற்றுத்திறனாளியிடமே முதலில் கேளுங்கள். பேசத் தெரியாத பிள்ளைக்கும் பிடித்தது பிடிக்காதது தெரியும். முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ எழுந்து போனாலோ அது வேண்டாம் என்பதற்குச் சமம். அன்றைக்கு அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

உங்களுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரே ஆய்வுக்கும் அழைத்தால் மறுக்கக் கூச்சமாகத்தான் இருக்கும். "யோசிச்சு சொல்றேன் டாக்டர்" என்று சொல்லித் தாளை வீட்டுக்கு எடுத்து வாருங்கள். கலந்துகொள்ளாததால் சிகிச்சையில் எந்தக் குறையும் வைக்கக் கூடாது என்பது விதி.

போவதற்கு முன் பேசி முடிக்க வேண்டியவை

பணத்தைப் பற்றிக் கேட்பதில் தப்பே இல்லை. போக்குவரத்துச் செலவும், இழந்த கூலியும், நேரத்துக்கான ஈடும் தரலாம் என்று நெறிமுறையே அனுமதிக்கிறது. "உங்களுக்குத்தான் பஸ்ல ஃப்ரீ பாஸ் இருக்கே" என்பார்கள். பாஸ் இருக்கிறது, ஏறத்தான் முடியவில்லை. புதிய தாழ்தளப் பேருந்துகள் 2024 ஆகஸ்டில் ஓடத் தொடங்கின, அதுவும் சங்கங்களும் தனிநபர்களும் நீதிமன்றப் படி ஏறிய பிறகு. உங்கள் தடத்தில் அது வருமா, நிறுத்தத்தில் நடைமேடை ஓரமாக அணைத்து நிறுத்துவார்களா என்பதைப் பொறுத்துத்தான் பாஸுக்கு மதிப்பு. போக வர ஆட்டோ கட்டணம் என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள். கூட வரும் துணைக்கும் சேர்த்துக் கேளுங்கள். கணக்குக்காக ரசீதில் கையெழுத்தும் வங்கி விவரமும் கேட்கலாம், கொடுக்கலாம். அதை உங்கள் பதில்களோடு ஒரே கோப்பில் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுக் கொடுங்கள். ஓ.டி.பி. யார் கேட்டாலும் கிடையாது.

இடத்தை நேரில் பார்த்த ஆள் சொன்னால்தான் நம்ப வேண்டும். "லிஃப்ட் இருக்கு சார்" என்பார்கள், லிஃப்ட்டுக்குப் போக நாலு படி இருக்கும். வாசல், சாய்தளம், கழிப்பறைக் கதவு ஆகிய மூன்றையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சிறுநீர்க்குழாய் வைத்திருப்பவர்கள், ஒரே இடத்தில் அதிக நேரம் உட்கார்ந்தால் புண் வருபவர்கள், மருந்து வேளை தவறக் கூடாதவர்கள் இடைவேளை நேரத்தையும் முதலிலேயே குறித்துவிடுங்கள். குளிப்பது, மாதவிடாய், தாம்பத்யம் பற்றிக் கேட்கப்போகிறார்கள் என்றால் பெண்களிடம் பெண்ணே பேச வேண்டும் என்று நிபந்தனை போடலாம்.

"பழகிடுச்சு" என்ற பதில்

மொத்தத்தில் முக்கியமான இடம் இதுதான்.

குறைபாட்டை அளக்க உலகம் முழுக்கப் பயன்படும் வாஷிங்டன் குழுவின் ஆறு கேள்விகளை நீங்கள் சந்திக்க வாய்ப்பு அதிகம். பார்ப்பது, கேட்பது, நடப்பது அல்லது படியேறுவது, நினைவில் வைத்துக் கவனம் செலுத்துவது, குளித்து உடுத்துவது, மற்றவரோடு பேசிப் புரிந்துகொள்வது ஆகியவற்றில் சிரமம் உண்டா என்று கேட்பார்கள். பதில் நான்கு. சிரமம் இல்லை, கொஞ்சம் சிரமம், ரொம்பச் சிரமம், முடியவே முடியாது. வழக்கமாக "ரொம்பச் சிரமம்" என்ற மூன்றாவது பதிலிலிருந்துதான் ஒருவரை மாற்றுத்திறனாளி என்று எண்ணுவார்கள்.

நம் ஆட்கள் என்ன சொல்வார்கள்? "நடக்கறதா? அதெல்லாம் பழகிடுச்சுங்க." கேட்பவர் "சிரமம் இல்லை" என்று டிக் அடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். முப்பது வருடம் முட்டியில் கையை ஊன்றி ஊன்றி நடந்து தோள்பட்டை தேய்ந்தவரின் பதில் அது. அவர் பொய் சொல்லவில்லை. இரக்கம் வேண்டாம் என்று நினைக்கிறார், அந்த ரோஷம் எனக்குப் புரிகிறது. ஆனால் தாளில் அவர் இல்லாமல் போய்விடுகிறார்.

அதனால் பதில் சொல்லும் முன் திருப்பிக் கேளுங்கள். "காலிப்பரோடயா, காலிப்பர் இல்லாமலா?" "வீட்டுக்குள்ளயா, தெருவுலயா?" "மழை நாள்லயா?" பார்வைக்கும் செவிக்கும் கண்ணாடி, காதுக்கருவியோடு சேர்த்தே கேட்பார்கள். நடப்பதற்கு அப்படித் தெளிவாக இருக்காது. எதை வைத்துப் பதில் சொன்னீர்கள் என்பதைப் படிவத்தின் ஓரத்தில் எழுதச் சொல்லுங்கள். அன்றாடச் செயல்பாட்டை அளக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் ஹூடாஸ் கேள்வித்தாள் வேறு மாதிரி, கடந்த முப்பது நாளைக் கணக்கில் எடுக்கும். வலி ஏறி இறங்கும் நோய் உள்ளவர்களும் மனநலப் பிரச்சினை உள்ளவர்களும் இதில் கவனமாக இருக்க வேண்டும். கேட்கும் அன்றைக்கு உடம்பு நன்றாக இருந்தால் மோசமான நாட்கள் மறந்துபோகும். போவதற்கு முந்தைய இரவு வீட்டில் இருப்பவர்களோடு உட்கார்ந்து அந்த மாதத்தை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

நேர்காணல் என்றால் ஒரு நாளை எடுத்துக்கொண்டு மணிக்கணக்கில் சொல்வதுதான் நல்ல வழி. சில ஆய்வுகளில் நாட்குறிப்பு எழுதச் சொல்வார்கள், அல்லது குரல்பதிவு அனுப்பச் சொல்வார்கள். சக்கர நாற்காலியில் இருக்கும் ஒருவரின் ஒரு பக்கம் இப்படி இருக்கலாம்:

"செவ்வாய். காலை ஆறே காலுக்கே தண்ணீர் லாரி வந்துவிட்டது. ஹாரன் கேட்டுக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவதற்குள் வரிசை தெருமுனைக்குப் போய்விட்டது. ஒரு குடத்தை மடியில் வைத்து உருட்டலாம். இரண்டாவதை வைத்தால் கை சக்கரத்துக்கு எட்டாது. எதிர்வீட்டு அண்ணன் மூன்று குடம் பிடித்துக் கொடுத்தார். அடுத்த வாரம் அவர் ஊருக்குப் போகிறார். பத்து மணிக்கு ரேஷன் கடை. வாசலில் இரண்டு படி. கடைக்காரர் கைரேகை மெஷினை வெளியே எடுத்து வந்தார், நல்ல மனுஷர். மதியம் தண்ணீர் குடிக்கவில்லை. மூன்று மணிக்கு வங்கிக்குப் போக வேண்டும், அங்கே நாற்காலி நுழையும் கழிப்பறை கிடையாது."

கடைசி வரியைப் பாருங்கள். "வெளியே போவதில் சிரமம் உண்டா?" என்று கேட்டிருந்தால் இவர் "சமாளிச்சுக்குவேன்" என்று சொல்லியிருப்பார். சமாளிப்பது என்றால் சென்னை வெயிலில் தண்ணீர் குடிக்காமல் இருப்பது என்று நாட்குறிப்பில்தான் தெரிகிறது. எதிர்வீட்டு அண்ணனும் கடைக்காரரும் அப்படியே. இவருடைய நாள் இரண்டு பேரின் நல்ல மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. அவர்கள் இல்லாத நாளில் என்ன ஆகும் என்று கேட்க ஆய்வாளருக்கு இப்போது தோன்றும்.

நல்ல விஷயங்களையும் சொல்லுங்கள். 2022 நவம்பரில் மெரினாவில் மாற்றுத்திறனாளிகளுக்கான மரப்பாதை திறந்தபோது முதன்முறையாக அலையில் கால் நனைத்தவர்கள் இருக்கிறார்கள். அதை விட்டுவிட்டுக் கஷ்டத்தை மட்டும் அடுக்கினால் நம் வாழ்க்கையில் பாதி காணாமல் போகும்.

குழுப் பேச்சு, கருவிச் சோதனை

குழுவாகப் பேசும் ஆய்வில் ஆய்வாளர் ரகசியம் காப்பார், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு உத்தரவாதம் யாரும் தர முடியாது. வீட்டுக்குள் நடப்பதைத் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம். பேசுபவர் ஒவ்வொருவரும் முதலில் பெயர் சொல்லிவிட்டுப் பேசினால் பார்வையற்றவர்களுக்கு வசதி, ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடாமல் இருந்தால் சைகைமொழி பெயர்ப்பாளருக்கு வசதி. பெற்றோரும் பிள்ளைகளும் ஒரே அறையில் இருந்தால் பெற்றோர்தான் பேசுவார்கள். தனித்தனியாக உட்காரவைக்கச் சொல்லுங்கள்.

நாற்காலி, செயற்கைக்கால் போன்றவற்றைச் சோதிக்கப் போனால், வீட்டுக்கு வந்ததும் தோலைப் பாருங்கள். உணர்ச்சி இல்லாத இடத்தில் சிவந்திருந்தால் அன்றே போன் போட்டுச் சொல்ல வேண்டும். ஆய்வினால் காயம் பட்டால் இலவச சிகிச்சை தர வேண்டியது அவர்கள் பொறுப்பு. ஆய்வு முடிந்ததும் கருவியைத் திரும்ப வாங்கிக்கொள்வார்களா என்பதை முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். ஆறு மாதம் பழகிய நாற்காலியைத் திருப்பிக் கொடுப்பது லேசான காரியம் இல்லை.

பெயரை எடுத்தால் மட்டும் போதுமா?

"உங்க பேரு வராது" என்பார்கள். மயிலாப்பூர் மாடவீதியில் பூ விற்கும் காதுகேளாத பெண், வயது நாற்பது, இரண்டு பிள்ளைகள் என்று அச்சில் வந்தால், அந்தப் பக்கம் போகிற எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஊர், தொழில், குறைபாட்டின் வகை மூன்றும் சேர்ந்தால் பெயர் தேவையே இல்லை. இதில் எதை மாற்றி எழுதப்போகிறீர்கள் என்று கேளுங்கள். குரல்பதிவு யாரிடம் இருக்கும், எப்போது அழிப்பார்கள், எந்தத் தேதி வரை உங்கள் பதிலைத் திரும்பப் பெறலாம் என்பதும் தெரிய வேண்டும். போட்டோவுக்குத் தனி ஒப்புதல். சாய்தளத்தை மறித்து நிற்கும் பைக்குகளைப் படம் எடுத்துக் கொடுக்கச் சொன்னால் எடுங்கள், அதில் அக்கம்பக்கத்தார் முகம் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாதாமாதம் அரசின் பராமரிப்பு உதவித்தொகை வாங்குபவர்களுக்கு, உண்மையைச் சொன்னால் அது நின்றுவிடுமோ என்ற பயம் இருக்கும். கல்லூரி, மருத்துவமனை ஆய்வுகளின் பதில்கள் அரசு அலுவலகத்துக்குப் போகக் கூடாது. போகாது என்று தாளில் எழுத்தில் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் வருமானக் கேள்வியைத் தாண்டிவிடலாம். எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாமல் விட உங்களுக்கு உரிமை உண்டு.

முடிந்த பிறகு

பழைய விஷயங்களைப் பேசிவிட்டு வந்த இரவு தூக்கம் வராமல் போகலாம். ஆய்வாளரையே கூப்பிட்டுச் சொல்லுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

நடத்தை சரியில்லை, சொன்ன பணம் வரவில்லை, சம்மதம் இல்லாமல் படம் வெளியானது என்றால் முதலில் நெறிமுறைக் குழுவின் உறுப்பினர் செயலருக்கு எழுதுங்கள். அங்கே அசையவில்லை என்றால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் மனு கொடுக்கலாம். அலுவலகம் காமராஜர் சாலையில், லேடி வில்லிங்டன் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது. இதற்காகத்தான் தகவல் தாளின் ஒரு பிரதியைக் கட்டாயம் கையில் வாங்கி வைக்கச் சொல்வது.

ஆய்வின் முடிவைத் தமிழில், இரண்டு பக்கத்தில், முடிந்தால் நேரில் வந்து சொல்லச் சொல்லுங்கள். இதை ஒப்புதல் கொடுக்கும் அன்றைக்கே கேட்டுவிட வேண்டும். பட்டம் வாங்கிய பிறகு மாணவரைப் பிடிப்பது கஷ்டம்.

ஒன்றிரண்டு ஆய்வுகளில் கலந்துகொண்டதும் கேள்விகளில் எது சரியில்லை என்று உங்களுக்கே தெரிய ஆரம்பிக்கும். அப்போது ஆய்வுக் குழுவிலேயே சேர முயற்சி பண்ணுங்கள். கேள்வித்தாள் இறுதியாகும் முன் மாற்றுத்திறனாளிகள் இரண்டு மூன்று பேரிடம் காட்டித் திருத்துவது நல்ல ஆய்வாளர்களின் பழக்கம். கோட்டூர்புரத்தில் உள்ள வித்யாசாகர் போன்ற மாற்றுத்திறனாளிகளுக்கான அமைப்புகளிலோ உங்கள் சங்கத்திலோ பெயரும் எண்ணும் கொடுத்து வையுங்கள். எந்தப் பகுதியில் இருக்கிறீர்கள், எந்தெந்த நேரம் வர முடியும், எந்த வசதி தேவை என்பதையும் சேர்த்தே எழுதிக் கொடுங்கள்.